எதிர்க்கரை நாற்காலி

ஜனவரி 6, செவ்வாய்

ஒன்றிய அலுவலகத்தில் எல்லா ஊராட்சித் தலைவர்களுக்கும் டைரி கொடுத்தார்கள். போன வருஷம் கொடுத்ததில் கோலம் வரைந்து பழகினேன். இந்த வருஷம் நாலு வரி எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பத்தாவது வரை படித்த கை, கொஞ்சம் மக்கர் செய்கிறது.

இன்று புதிதாக ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். வட்டாரத் திட்டக்குழு என்று பெயர். மணியாற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற ஊராட்சிகளும் பேரூராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று சேர்ந்து முடிவு செய்ய வேண்டுமாம். திட்ட அலுவலர் மெகருன்னிசா மேடம்தான் நடத்துகிறார். சத்தம் போட்டுப் பேசுவதில்லை. ஆனால் அவர் பேசும்போது யாரும் போனை எடுக்கவில்லை.

சுவரில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். எங்கள் கொளஞ்சியூர் சிமெண்டு ரோடு பள்ளிக்கூடத் துறையில் வந்து ஆற்றைப் பார்த்து நிற்கிறது. அதற்கு நேர் எதிரே அக்கரையில் கருவேலங்காடு. பூவாளந்துறைக்காரர்கள் போட்ட ரோடு ஐயனார் துறையில் வந்து நிற்கிறது. அதற்கு நேர் எதிரே இக்கரையில் எங்கள் ஊர் சுடுகாடு. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் அதில் ஒரு ரோட்டைப் போட்டு, கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டதே நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

இனிமேல் ஒரு ஊர் தீர்மானம் போட்டால் போதாதாம். பாலம் வேண்டுமென்றால் இரண்டு கரையும் ஒரே இடத்தைக் கேட்க வேண்டும்.

உட்கார வைத்த விதம்தான் வேடிக்கை. பதவி வரிசையும் இல்லை, எழுத்து வரிசையும் இல்லை. வடகரைக்காரர்கள் ஒரு பக்கம், தென்கரைக்காரர்கள் மறுபக்கம், ஆறு ஓடுகிற வரிசைப்படி. எனக்கு நேர் எதிர் நாற்காலியில் பூவாளந்துறைத் தலைவர் பூங்காவனம். வணக்கம் வைத்தாள். நானும் வைத்தேன்.

ஜனவரி 7

பசுவுக்குப் புண்ணாக்கு தீர்ந்துவிட்டது. இன்னும் வாங்கவில்லை.

அவள் தலைக்குச் சாயம் போடுவதில்லை போலிருக்கிறது.

ஜனவரி 16, மாட்டுப்பொங்கல்

மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: “இந்தா, குழுவுல உனக்கு எதிர்ல யாரு உக்காந்தாங்களாம்?”

“பூவாளந்துறை தலைவரு.”

“பூங்காவனமா?”

“தலைவருன்னு சொன்னேன்ல.”

அவர் மேலே கேட்கவில்லை. முப்பது வருஷமாக என்னை “இந்தா” என்றே கூப்பிடுகிற மனிதருக்கு, எதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எழுத உட்கார்ந்ததால் எழுதுகிறேன். நானும் பூங்காவும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். மேற்கே, தண்ணீர் இல்லாத ஊர். ஒரே பெஞ்சு. எனக்குக் கொளஞ்சியூரில் சம்பந்தம் முடிவானபோது அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது மாதம் பூவாளந்துறையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. “அந்த ஊருக்கும் கொளஞ்சியூருக்கும் எவ்வளவு தூரம்?” என்றுதான் கேட்டாளாம். நடுவில் ஒரு தரைப்பாலம் என்றார்கள். சரி என்றுவிட்டாள்.

இருபது வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களில் யாராவது ஒருத்தி அந்தப் பாலத்தைக் கடந்தாள்.

போதும். பொங்கல் பானை கழுவ வேண்டும்.

ஜனவரி 26, கிராம சபை

கொடியேற்றினோம். மிட்டாய் பத்தவில்லை. பாலம் பள்ளிக்கூடத் துறையில்தான் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. என் கொழுந்தனார் சிதம்பரநாதன், எனக்கு முன்னால் இரண்டு தடவை தலைவராக இருந்தவர், பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணி, எதுக்கும் எறங்கி வந்துராதீங்க” என்றார். ஊரே கைதட்டியது.

அக்கரையில் இதே நேரத்தில் ஐயனார் துறைக்குத் தீர்மானம் போட்டிருப்பார்கள். ஒலிபெருக்கி சத்தம் இங்கே வரை கேட்டது. பேசுவது யாரென்று தெரியவில்லை. பெண் குரல் மாதிரி இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழுக் கூட்டம். நினைத்தது மாதிரியே நடந்தது. நான் பள்ளிக்கூடத் துறை என்றேன். அவள் ஐயனார் துறை என்றாள். என் காரணங்களை நான் மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் காரணங்களை அவளும் மேடத்தைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் பேசுவதைப் பார்த்தால் நடுவில் மேடம் மட்டும் இருக்கிறார், எதிரே வெறும் சுவர் என்று நினைக்கத் தோன்றும்.

பேரூராட்சித் தலைவர் கலியமூர்த்திக்கு ஒரே குஷி. “மேடம், அவங்க நிதானமா முடிவு பண்ணட்டும். அந்தப் பணத்துல எங்க பஸ் ஸ்டாண்ட மொதல்ல முடிச்சிரலாம்” என்றார். பாலத்துக்கு அடுத்தபடி பட்டியலில் இருப்பது அந்தப் பேருந்து நிலையம்தான். மே மாதக் கூட்டத்துக்குள் இரண்டு ஊரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் அங்கே போய்விடும். இப்படி ஒரு திட்டம் மறுபடி எப்போது வருமோ தெரியாது என்று மேடமே சொன்னார்.

அப்புறம் மேடம் ஒன்று கேட்டார்: “பழைய தரைப்பாலம் இருந்த இடம் ரெண்டு துறைக்கும் நடுவுலதான இருக்கு? அடியில நல்ல பாறைன்னு இன்ஜினியர் எழுதியிருக்காரு. அத ஏன் ரெண்டு பேருமே கேக்கல?”

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

“சரி, ஆத்துல தண்ணி இல்லாத மாசத்துல ஜனங்க எந்த வழியா நடந்து கடப்பாங்க? அதயாவது சொல்லுங்க.”

“யாரும் கடக்கறதில்ல மேடம்” என்றாள் பூங்காவனம். இன்று அவள் சொன்னதிலேயே நான் ஒத்துக்கொள்கிற ஒரே பேச்சு அதுதான்.

மதியம் சாப்பாடு போட்டார்கள். சாம்பார், பொரியல், மோர் மிளகாய். அவள் மோர் மிளகாயை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். காரம் ஆகாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் தூக்குச்சட்டி மோர் மிளகாய் எல்லாம் என் தட்டுக்குத்தான் வரும். கேட்கவே மாட்டாள், எடுத்துப் போட்டுவிடுவாள். இன்று இலையை மடித்தபோது இரண்டும் உள்ளேயே போய்விட்டன.

பிப்ரவரி 11

தலைவலி. குழந்தைகள் மைய ஓட்டுக்கூரையைப் பார்க்கப் போகவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஆற்றோரம் மோட்டார் கொட்டகைப் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று பார்க்கப் போனேன். பூட்டு நன்றாகத்தான் இருந்தது, மோட்டார் போடுகிற பையன் சாவியை மாற்றிப் போட்டிருக்கிறான். திரும்பும்போது பழைய தரைப்பாலத்து வழியாக வந்தேன். அந்த வழியாக வரவேண்டிய அவசியமில்லை.

அது எட்டுக்கண் பாலம். நாலு கண் எங்கள் எல்லை, நாலு கண் அவர்கள் எல்லை. எங்கள் ஊர் எங்கள் பாதிக்கு மட்டும் பூச்சு பூசும், அவர்கள் ஊர் அவர்கள் பாதிக்கு மட்டும். இரண்டு பாதியும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். நாலாவது கண்ணில், சரியாக நடு எல்லையில் பள்ளம் விழுந்தபோது, அப்போது தலைவராக இருந்த என் கொழுந்தனார் அது அவர்கள் பாடு என்றார். அவர்கள் இது உங்கள் பாடு என்றார்கள். யார் கையெழுத்தும் விழவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவது ஐப்பசியில் வெள்ளம் வந்து எங்கள் பாதியை வழித்துக்கொண்டு போனது.

அதற்கு மறுநாள் பூங்கா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி அண்ணனுக்கு நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரி எங்கள் கரையில் இருக்கிறது. நான் ஒரு லோடு வண்டியைப் பிடித்து, மெத்தை விரித்து, குடையோடு இக்கரையில் நின்றேன். அவர்கள் அவரை ஒரு டெம்போவில் வைத்து அவர்கள் பாதிப் பாலம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர். டெம்போவின் உள்ளே அவர் கால் தெரிந்தது எனக்கு. கயிறு கட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் டெம்போவைத் திருப்பிச் சுற்று வழியில் போனார்கள். போய்ச் சேரவில்லை.

திருப்புவதற்கு முன்னால் பூங்கா பாலத்து நுனிக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். வாய் அசைந்தது. தையலு என்றுதான் கூப்பிட்டிருப்பாள். என் முழுப்பெயர் தையல்நாயகி. தையலு என்று கூப்பிட அவளை விட்டால் ஆள் கிடையாது. வெள்ளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

துக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். தெரு முனையிலேயே மறித்து, கொளஞ்சியூர்க்காரர்கள் யாரும் வரக்கூடாது என்றார்கள். உள்ளே சொல்லி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். சொல்லியாகிவிட்டது, அவள் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றார்கள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. கையெழுத்துப் போடாதவர் என் வீட்டு மனிதர். எந்த முகத்தோடு நான் மறுபடி போவது?

இது ஒன்பதாவது வருஷம். அதற்கு அப்புறம் இரண்டு ஊருக்கும் பேச்சு இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. ரோடு போட்டபோதுகூட இரண்டு ஊரும் அந்த இடத்தை விட்டு விலகித்தான் போட்டுக்கொண்டன. மேடத்துக்கு இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 22, ஞாயிறு, கிராம சபை

இன்று பாலத்தை ஐயனார் துறையிலேயே கட்டிக்கொள்ள எங்கள் ஊருக்குச் சம்மதம் என்று தீர்மானம் போட வைத்துவிட்டேன்.

சும்மா நடக்கவில்லை. கொழுந்தனார் எழுந்து, “சுடுகாட்டு வழியா பாலமா? பொண்டுவோ எப்படிங்க நடக்கும்?” என்றார்.

“எல்லாரும் ஒரு நாளு நடக்கப்போற வழிதான தம்பி, இப்பவே பழகிக்கட்டும்” என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு எதிர்த்துப் பேச முடியுமா? சுடுகாட்டைச் சுற்றி மதில் கட்டித் தருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத் துறையில் மண் சரியில்லை என்றேன். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு கட்டி அதில் கலியமூர்த்தி சிலையாக நிற்பார், நீங்கள் போய் மாலை போடுங்கள் என்றேன். அதற்குத்தான் அதிகம் கை உயர்ந்தது.

மண் சரியில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பாலம் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 23

அடுத்த கூட்டத்தில் எங்கள் தீர்மானத்தைப் படிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும்? நீலப்புடவை கட்டலாமா, பச்சையா?

ஏப்ரல் 8, புதன்

பச்சைப்புடவைதான் கட்டிக்கொண்டு போனேன்.

முதலில் தென்கரையைப் படிக்கச் சொன்னார் மேடம். பூவாளந்துறை கிளார்க் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டுப் படித்தார். மார்ச் இருபத்திரண்டாம் தேதி கிராம சபையில், பாலத்தைப் பள்ளிக்கூடத் துறையிலேயே அமைத்துக்கொள்ள பூவாளந்துறை ஊராட்சி முழு மனதோடு சம்மதிக்கிறது.

எங்கள் கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவரும் எழுந்து எங்களுடையதைப் படித்தார்.

அப்புறம் கலியமூர்த்தி ஆரம்பித்தார்: “இது என்னங்க கூத்து? சண்ட போட்டப்பவும் ஒத்துவரல, வுட்டுக்குடுத்தப்பவும் ஒத்துவரலயே!” அறை குலுங்கியது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்தை அல்ல, என்னை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவளும் ஊரை எதிர்த்து நின்று இதைச் செய்திருக்கிறாள். அவள் ஊரில் எத்தனை பேரை என்னவெல்லாம் சொல்லி மடக்கினாளோ. எனக்காகவா? பாலத்துக்காகத்தான் இருக்கும்.

கிராம சபைத் தீர்மானத்தைத் தலைவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இனி மே ஒன்றாம் தேதி கிராம சபைதான் கடைசி வாய்ப்பு. ஒரே இடம், ஒரே வாசகம், இல்லாவிட்டால் பேருந்து நிலையம். “ரெண்டு பேரும் ஒரு தடவ தனியா உக்காந்து பேசிருங்கம்மா. எங்க உக்காரணும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் மேடம். இருவரும் தலையாட்டினோம். அவள் அவள் பஸ்ஸில் போனாள், நான் என் பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 9

அவள் நம்பர் போனில் இருக்கிறது. பழைய நம்பர்தான். மாற்றியிருக்க மாட்டாள். எடுத்தேன், வைத்தேன். உளுந்து காயப்போட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

“இந்தா, எங்க கெளம்பிட்ட?”

“ஆத்துக்கு.”

“ஆத்துல என்ன இருக்கு? மணலுதான் கெடக்கு.”

“அதான் போறேன்.”

இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். மாசியிலிருந்தே ஆறு காய்ந்து கிடக்கிறது. வருஷா வருஷம் காயும். ஒன்பது வருஷமும் காய்ந்தது. பாலம் இல்லை, பாலம் இல்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் நான் போடாத சத்தம் இல்லை. வருஷத்தில் ஏழு மாதம் ஒரு குழந்தைகூட நடந்து கடக்கலாம். நான் தினமும் மாடியில் துணி காயப்போடும்போது பூவாளந்துறைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டு வீடு அவளுடையது. அவ்வளவு பக்கம். அவ்வளவு ஏங்கியிருக்கிறேன். இறங்கி நடக்க மட்டும் கால் வரவில்லை.

இன்று வந்தது. பள்ளிக்கூடத் துறையிலும் இறங்கவில்லை, ஐயனார் துறைக்கும் போகவில்லை. பழைய தரைப்பாலம் நின்ற இடத்தில் இறங்கினேன். மணலில் செருப்பு புதைந்தது. நடு ஆற்றில் அவர்கள் பாதிப் பாலம் இன்னும் நிற்கிறது. அதில் ஏறினேன். டெம்போ நின்ற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கிருந்து பார்த்தால் எங்கள் கரை எவ்வளவு கிட்டே தெரிகிறது! குடையோடு நின்ற என்னை அவள் நன்றாகவே பார்த்திருப்பாள்.

ஊருக்குள் நுழைந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று தொட்டி திறந்துவிடுகிற ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் குரல் கொடுத்தது: “அக்கா, கொளஞ்சியூரு தலைவரம்மா வந்திருக்காங்க!”

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், முழங்கால் வரை மணல்.

“எவடி தலைவரம்மா?” என்றாள். “அவ தையலு.”

நான் தெருவில் நின்றே அழுதுவிட்டேன். தலைவர் என்று பார்க்காமல், வயசு என்று பார்க்காமல், மூக்கு ஒழுக அழுதேன். அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“அவரு காரியத்துக்குக்கூட நீ வரலயேடி” என்றாள்.

“வந்தேன்டி. தெருமொனையிலயே நிறுத்திட்டாங்க. உள்ள சொல்லச் சொன்னேன். நீ பாக்க மாட்டேன்னியாம்.”

“என்கிட்ட யாருமே சொல்லல, தையலு. நான் வாசலத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

ஒன்பது வருஷத்தை என்ன செய்வது? யாரைப் போய்க் கேட்பது? அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன். “ஐயனார் துறையே இருக்கட்டும் பூங்கா. எங்க ஊர நான் பாத்துக்கறேன்.”

“வேணாம்.”

“அப்ப பள்ளிக்கூடத் துறையா?”

“அதுவும் வேணாம். பழைய எடத்துலயே கட்டு.”

“உனக்கு அந்த எடத்த…”

“பாக்கத்தான் முடியல. ஒம்போது வருசமா அந்தப் பக்கம் திரும்பல நான். அதுக்காவ அத அப்படியே வுட்டுர்றதா? அவரு கடக்க முடியாம நின்ன எடம் தையலு. இனிமே வர்றவங்களாவது கடந்து போவட்டும்.”

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், அவள் தட்டிலிருந்த மோர் மிளகாயை எடுத்து என் தட்டில் போட்டாள்.

மே 1, வெள்ளி, கிராம சபை

இரண்டு ஊரிலும் ஒரே தீர்மானம். வாசகத்தை அவள் போனில் சொல்ல நான் எழுதினேன். பழைய தரைப்பாலம் இருந்த இடத்தில், நடு எல்லையிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக, பராமரிப்பு முழுவதும் இரண்டு ஊராட்சிக்கும் சேர்த்து, யார் பாதி என்று பிரிக்காமல். கடைசி வரியைச் சேர்த்தது அவள்.

கொழுந்தனார் எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் இடுப்பில் முந்தானையைச் செருகினேன். கையை மட்டும் உயர்த்தினார், உயர்த்தியபடியே வெகுநேரம் நின்றார். கிளார்க்தான் எண்ணியாகிவிட்டது, இறக்குங்கள் என்றார்.

மே 12, செவ்வாய்

குழு ஒப்புக்கொண்டது. பேருந்து நிலையம் அடுத்த வருஷத்துக்கு. கலியமூர்த்தி முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அவருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆதரவு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மேடம் எங்கள் இரண்டு நாற்காலியையும் பார்த்துவிட்டு, வேண்டுமானால் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றாள் பூங்கா. “எதுத்தாப்புல இருந்தாத்தான் மேடம் மூஞ்சியப் பாக்க முடியுது.”

பாலம் முடிய இரண்டு வருஷம் ஆகுமாம். புரட்டாசியில் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பிறகு தை வரைக்கும் மறுபடி தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை எத்தனை வெள்ளிக்கிழமை வரும் என்று காலண்டரில் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

மே 15, வெள்ளி

இன்று அவள் முறை. மணலில் தூரத்தில் குடை ஒன்று வருவது மாடியிலிருந்து தெரிகிறது. சமையல் ஆயிற்று. மோர் மிளகாய் வறுத்தபோது வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து, “பூங்காவனம் இதத் தொடாதுல்ல, அதுக்கு எதுக்கு?” என்றார்.

தொடமாட்டாள்தான். ஆனாலும் அவள் இலையில் இரண்டு வைத்திருக்கிறேன்.